எழுத்துக்குப் பதில் எண்: இயற்கணிதக் கோவையின் மதிப்பைக் காண்பது எப்படி?

தொடக்கநிலை ஆறு வரை கணக்கில் நன்றாகச் செய்த பிள்ளைகள், உயர்நிலை ஒன்றுக்குப் போன சில வாரங்களில் கணக்கு புரியவில்லை என்று சொல்லத் தொடங்குவது இங்கே சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய செய்தி. நோட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சிக்கல் இயற்கணிதத்தில் இருக்கும். அதிலும் மிகத் தொடக்கத்திலேயே, கோவையில் உள்ள எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு அதன் மதிப்பைக் காண்பதில் இருக்கும். பார்ப்பதற்கு எளிதாகத் தெரிவதால் வகுப்பில் இந்தப் பாடம் வேகமாகக் கடந்துவிடுகிறது. ஆனால் பின்னால் வரும் சமன்பாடுகள், வரைபடங்கள், அறிவியல் பாடத்தின் சூத்திரங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இங்கே ஆட்டம் கண்டால் மேலே எல்லாம் ஆட்டம் காணும்.

பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மாலையில் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து உதவ நினைக்கும் அப்பாவோ அம்மாவோ அக்காவோ தமிழில்தான் யோசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இயற்கணிதத்தைத் தொட்டு இருபது வருடம் ஆகிவிட்டாலும் பரவாயில்லை. பெருக்கல் வாய்ப்பாடு நினைவிருந்தால் போதும்.

பிள்ளைகளின் நோட்டில் எக்ஸ், ஒய், என் என்ற எழுத்துகள் இருக்கும். தெரியாத எண்களுக்கு ஆங்கில வரிசையின் கடைசி எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம் பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது. அதற்கு வெகு காலம் முன்பே இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்களுக்குக் காலகம், நீலகம், பீதகம் என்று நிறங்களின் பெயர்களை வைத்தார்கள். ஆகவே எந்தக் குறியை எடுத்தாலும் கணக்கு மாறாது. நான் க, ப, ம என்று எழுதுகிறேன். நோட்டைப் பார்க்கும்போது மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

யூனிட்டிலிருந்து எழுத்துக்கு

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மாடல் வரைவது, அதாவது கணக்கைக் கட்டங்களாகப் படம் போடுவது, கைவந்த கலை. 1980களில் இங்கேயே உருவாக்கப்பட்ட முறை அது. மீனாவிடம் சில ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. ரவியிடம் அதைப் போல மூன்று மடங்கும் மேலும் ஐந்தும் இருக்கின்றன என்று கணக்கு வந்தால், மீனாவுக்கு ஒரு கட்டம் (அதுதான் ஒரு யூனிட்), ரவிக்கு அதே நீளத்தில் மூன்று கட்டம், அதன் ஓரத்தில் 5 என்று எழுதிய ஒரு சிறு துண்டு. ரவியிடம் எவ்வளவு என்று கேட்டால் "3 யூனிட் கூட்டல் 5" என்று உடனே சொல்வார்கள்.

யூனிட் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் க என்று எழுதுங்கள்.

3க + 5

இதுதான் இயற்கணிதக் கோவை. பிள்ளைகள் இதைப் படமாக ஏற்கெனவே செய்து வந்திருக்கிறார்கள் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் போய்விடும். மீனாவிடம் 4 ஸ்டிக்கர் இருந்தால் ரவியிடம் 3 × 4 + 5, அதாவது 17. மீனாவிடம் 20 இருந்தால் ரவியிடம் 65. கோவை அதேதான், போடும் எண் மாற மாற மதிப்பு மாறுகிறது. அப்படி மாறக்கூடியதால் க என்பது மாறி. அதன் முன்னால் நிற்கும் 3 கெழு. எப்போதும் 5ஆகவே இருக்கும் 5 மாறிலி.

இந்த இடத்திலேயே முதல் தவறு வந்துவிடும். க = 4 என்றதும் 3க என்பதை 34 என்று எழுதி, 5ஐக் கூட்டி 39 என்று விடை சொல்லும் பிள்ளைகள் உண்டு. கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை அவர்கள் பார்த்த கணக்கில் இரண்டு குறிகள் ஒட்டி நின்றால் அதற்குப் பெருக்கல் என்று பொருள் வந்ததே இல்லை. 34 என்றால் 30உம் 4உம் சேர்ந்தது. 3½ என்றால் 3உம் அரையும் சேர்ந்தது. இரண்டிலும் ஒட்டி நிற்பது கூட்டலைக் குறிக்கிறது. இயற்கணிதத்தில் 3க என்று ஒட்டி எழுதினால் மட்டும் அது 3 × க. கப என்றால் க × ப. இப்படி ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது என்று யாராவது வெளிப்படையாகச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். தானாகவே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எழுத்து எதைக் குறிக்கிறது?

தேக்காவில் ஓர் உணவுக் கடை. புரோட்டா ஒன்று 1.50 வெள்ளி (டாலர்), தே (தேநீர்) ஒன்று 1.60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகைக்குக் கோவை எழுதச் சொன்னால்:

1.5ப + 1.6த

இங்கே ப என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "புரோட்டா" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ப என்பது புரோட்டா என்றால் 1.5ப என்பது ஒன்றரைப் புரோட்டா என்றல்லவா ஆகும்? ப என்பது எத்தனை புரோட்டா என்ற எண்ணிக்கை. த என்பது எத்தனை தே என்ற எண்ணிக்கை. ஆறு புரோட்டாவும் நான்கு தேயும் வாங்கினால் ப = 6, த = 4. மதிப்பு 1.5 × 6 + 1.6 × 4 = 9 + 6.4 = 15.4. கொடுக்க வேண்டியது 15 வெள்ளி 40 காசு.

சில பயிற்சிப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் "3 ஆப்பிளும் 2 வாழைப்பழமும் 3ஆ + 2வா" என்று சொல்லித் தருகிறார்கள். அந்த வழியை நான் ஏற்பதில்லை. அன்றைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் எழுத்து என்றால் பொருளின் பெயர்ச் சுருக்கம் என்று மனதில் பதிந்துவிடும். பிறகு கப என்று பெருக்கல் வரும்போது ஆப்பிளை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? க² என்றால் ஆப்பிளின் வர்க்கமா? எழுத்து எப்போதும் ஓர் எண்ணுக்காக நிற்கிறது. பொருளுக்காக நிற்பதில்லை.

இன்னும் இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு கணக்குக்குள் க எத்தனை இடத்தில் வந்தாலும் எல்லா இடத்திலும் அதே எண்ணைத்தான் போட வேண்டும். ஆனால் கவும் பவும் வேறு எழுத்துகள் என்பதால் அவற்றின் எண்களும் வேறாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐந்து புரோட்டாவும் ஐந்து தேயும் வாங்குவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

"அம்மா, இதில் சமக்குறியே இல்லையே, எப்படித் தீர்ப்பது?" என்று பிள்ளை கேட்டால், "தீர்க்கச் சொல்லவில்லை, கண்ணா. க எவ்வளவு என்று அவர்களே கொடுத்துவிட்டார்கள். போட்டுக் கணக்கிட்டால் போதும்" என்று சொல்லுங்கள். சமக்குறி இருப்பது சமன்பாடு. அதில் க எவ்வளவு என்று தேடுகிறோம். சமக்குறி இல்லாதது கோவை. வினாத்தாளில் மதிப்பைக் காண்க, சுருக்குக, தீர்க்க என்று மூன்று விதமான கட்டளை வரும். மூன்றுக்கும் வேலை வேறு. கட்டளையின் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கணக்கில் இறங்கும் பழக்கம் நல்லது.

முதலில் அடைப்புக்குறி

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை அழித்த இடத்தில் எண்ணை நேராக எழுதக் கூடாது. முதலில் அங்கே ஓர் அடைப்புக்குறி. அதற்குள் எண்.

2க² − 3க + 7 என்ற கோவைக்கு க = −4 ஆக இருக்கும்போது மதிப்பைக் காண்போம்.

முதலில் எழுத்து இருந்த இடங்களை மட்டும் திறந்து வைக்கிறோம்:
2(   )² − 3(   ) + 7

பிறகு எண்ணை உள்ளே வைக்கிறோம்:
2(−4)² − 3(−4) + 7

இப்போதுதான் கணக்கு தொடங்குகிறது:
= 2(16) − (−12) + 7
= 32 + 12 + 7
= 51

அடைப்புக்குறி போடாமல் அவசரத்தில் எழுதும் பிள்ளையின் வரி இப்படி இருக்கும்: 2 − 4² − 3 − 4 + 7. இரண்டு இடத்தில் பெருக்கல் காணாமல் போய்விட்டது. குறை எண்ணின் கழித்தல் குறி, கழித்தல் செயலாக மாறிவிட்டது. அந்த வரியைச் சரியாகவே கணக்கிட்டாலும் −14 வரும். 51 எங்கே, −14 எங்கே! இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நன்றாகத் தெரியும். எழுதிய விதம் கவிழ்த்துவிட்டது.

இரண்டாவது வரியை மனதுக்குள் செய்துவிட்டு நேராக விடைக்குத் தாவும் பிள்ளைகளை நிறுத்துங்கள். உயர்நிலையில் விடைக்கு மட்டுமல்ல, படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. எண்ணைப் பொருத்திய வரி தாளில் இருந்தால் பின்னால் ஒரு கூட்டல் தவறினாலும் எல்லாம் போகாது. அதைவிட, எந்த இடத்தில் தவறினோம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியும்.

எதை முதலில் செய்வது என்ற வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அடைப்புக்குறிக்குள் இருப்பது, அடுக்கு, பெருக்கலும் வகுத்தலும், கடைசியில் கூட்டலும் கழித்தலும். தடுமாற்றம் அடுக்கில்தான். 2க² என்பதில் அந்தச் சிறிய 2, கவை மட்டும்தான் பிடித்திருக்கிறது. முன்னால் நிற்கும் பெரிய 2ஐப் பிடிக்கவில்லை. க = 5 என்றால் 2க² = 2 × 25 = 50. (2க)² என்றால் 10 × 10 = 100. இரண்டும் வேறு வேறு.

கழித்தல் குறிக்கும் இதே கதைதான். க = 3 என்றால் −க² = −9. (−க)² = 9. க = −3 என்று கொடுத்து க² கேட்டால் (−3)² = 9. அதையே கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று தட்டினால் −9 என்று காட்டும். கால்குலேட்டர் தவறு செய்யவில்லை. 3ஐ வர்க்கமாக்கிப் பிறகு குறியை வைக்கச் சொன்னோம், வைத்தது. தாளில் போடும் அடைப்புக்குறியைக் கால்குலேட்டரிலும் போட வேண்டும்.

குறை எண்கள் ஏன் இத்தனை தொல்லை தருகின்றன?

மாடல் முறை பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டம் என்றால் அதற்கு ஒரு நீளம் இருக்கும். −4 நீளத்தில் கட்டம் வரைய முடியாது. தொடக்கப்பள்ளியில் யூனிட்டாக இருந்த எழுத்து, உயர்நிலை ஒன்றில் சுழியமாகவும் குறை எண்ணாகவும் மாறக்கூடியதாகிவிடுகிறது. குறை எண்களும் அப்போதுதான் பாடத்தில் முறையாக வருகின்றன. இரண்டு புதுமைகள் ஒரே ஆண்டில் வந்து மோதுகின்றன. பிள்ளைகள் திணறுவது இயல்பு.

இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் நிறை எண்களைத் தனம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் சொல்லி விதிகளைத் தந்தார். கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்பது அவற்றில் ஒன்று. வீட்டில் சொல்லித்தர இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு நான்கு வெள்ளிக் கடன், அது −4. கடன் கொடுத்தவர் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டால் அது −(−4). உங்கள் கையிருப்பு நான்கு வெள்ளி உயர்கிறது. அப்படி மூன்று கடனை விட்டுவிட்டால் −3(−4) = 12. மேலே பார்த்த கணக்கில் −3(−4) ஏன் +12 ஆனது என்பதற்கு இதுதான் காரணம். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்று மந்திரம்போல மட்டும் சொல்லிக் கொடுத்தால் −3 − 4ஐயும் +7 என்று எழுதிவிடுவார்கள். அங்கே பெருக்கல் இல்லை. மூன்று வெள்ளிக் கடனும் நான்கு வெள்ளிக் கடனும் சேர்ந்து ஏழு வெள்ளிக் கடன்.

பின்னக் கோடு

நீண்ட பின்னக் கோடு வெறும் வகுத்தல் குறி அல்ல. மேலே இருப்பதற்கு ஓர் அடைப்புக்குறி, கீழே இருப்பதற்கு ஓர் அடைப்புக்குறி என்று இரண்டையும் சேர்த்தே அது செய்கிறது. மேலே க + 6, கீழே க − 2 என்று ஒரு பின்னம். க = 4 என்றால் மேலே 10, கீழே 2; மதிப்பு 5. கால்குலேட்டரில் ஒரே வரியில் 4 + 6 ÷ 4 − 2 என்று தட்டினால் 3.5 வரும். (4 + 6) ÷ (4 − 2) என்று தட்ட வேண்டும். க = 2 என்று கொடுத்தால் கீழே சுழியம் வந்துவிடும்; சுழியத்தால் வகுக்க முடியாது, ஆகவே அந்த இடத்தில் கோவைக்கு மதிப்பே இல்லை.

சூத்திரம் என்பதும் கோவைதான்

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் "அங்கே வெயில் எப்படி?" என்று கேட்கிறார். இங்கே 31 டிகிரி செல்சியஸ். அவருக்கு ஃபாரன்ஹீட் கணக்கில் சொன்னால்தான் புரியும். செல்சியஸ் அளவை ச என்று வைத்தால் ஃபாரன்ஹீட் அளவு 9ச ÷ 5 + 32. ச = 31 என்றால் 279 ÷ 5 + 32 = 55.8 + 32 = 87.8. இதே சூத்திரத்தில் ச = −40 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். −360 ÷ 5 = −72; அதனுடன் 32 சேர்ந்தால் −40. இரண்டு அளவுகோலும் ஒன்றாகும் ஒரே இடம் அது. குறை எண்ணைப் பொருத்தும் பயிற்சிக்கு இதைவிடச் சுவையான கணக்கு கிடைப்பது அரிது.

பர்ஸிலிருந்து ஒரு வெள்ளி மதிப்புள்ள நாணயத்தை எடுத்துப் பாருங்கள். வட்டமான விளிம்புக்குள் எட்டுப் பக்கம் கொண்ட வடிவம் இருக்கும். ம பக்கங்கள் கொண்ட வடிவத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 180(ம − 2) டிகிரி. ம = 8 என்றால் 180 × 6 = 1080. எட்டுக் கோணமும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் 135. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் 180 × 8 − 2 என்று போனால் 1438 வரும். சந்தேகம் வந்தால் ம = 3 போட்டுப் பார்க்கலாம்: 180 × 1 = 180. முக்கோணத்துக்கு அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். சூத்திரத்தைச் சரியாகப் படிக்கிறோமா என்பதற்கு அதுவே சாட்சி.

விடைத்தாள் இல்லாமலே சரிபார்க்கலாம்

என்னைக் கேட்டால், எண்ணைப் பொருத்திப் பார்ப்பதன் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. மதிப்பைக் காண்க என்ற கேள்விக்கு மட்டும் பயன்படும் உத்தி என்று நினைத்து, அந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அடைப்புக்குறியை விரிக்கும்போதும், கோவையைச் சுருக்கும்போதும் செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

3(க + 2) என்பதைப் பிள்ளை 3க + 2 என்று விரித்திருக்கிறது. சரியா? உங்களுக்கு விதி மறந்துபோயிருக்கலாம். கவுக்கு 10 போடுங்கள். முதல் கோவை 3 × 12 = 36. இரண்டாவது 30 + 2 = 32. எல்லா எண்ணுக்கும் ஒரே மதிப்பு வந்தால்தான் இரண்டும் ஒரே கோவை. 10க்கே வேறுபட்டுவிட்டதால் விரித்தது தவறு. 3க + 6 என்று திருத்திப் போட்டால் 36 வந்துவிடும்.

அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு தவறையும் இப்போதே பிடிக்கலாம். (க + ப)² என்பதை க² + ப² என்று எழுதாத பிள்ளைகள் அபூர்வம். க = 3, ப = 5 போட்டால் முதலாவது 64, இரண்டாவது 9 + 25 = 34. இப்படித் தானே போட்டுப் பார்த்துக் கண்ட தவறைப் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் திரும்பச் செய்ய மாட்டார்கள். ஆசிரியர் நூறு முறை சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

சோதிக்க எந்த எண்ணை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். 0, 1, 2 மூன்றையும் தவிருங்கள். சுழியம் எதைப் பெருக்கினாலும் சுழியமாக்கித் தவறை மறைத்துவிடும். 1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான். 2க்கோ இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. க²உம் 2கவும் ஒன்று என்று நம்ப வைத்துவிடும். 5 போட்டால் 25உம் 10உம் வந்து வேறுபாடு வெளியே தெரியும். ஓர் எண்ணுக்கு மதிப்புகள் பொருந்தினால் விடை நிச்சயம் சரி என்று முடிவுகட்டவும் முடியாது. ஆனால் ஓர் எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் தவறு என்பது நிச்சயம்.

மதிப்பைக் காணும் கேள்விகளில், முடிந்தால் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு எண்ணைப் போடுவது வேலையைக் குறைக்கும். 5க + 3ப − 2க + 7ப என்று இருந்தால் 3க + 10ப என்று சுருக்கிவிடலாம். க = 1.7, ப = 0.4 என்றால் 5.1 + 4 = 9.1. சுருக்காமல் செய்தால் நான்கு தசமப் பெருக்கல், விடை அதேதான்.

இன்றிரவே செய்து பார்க்க நான்கு கணக்குகள்

க = −3 எனில் 7 − 2க எவ்வளவு? 7 − 2(−3) = 7 + 6 = 13. பிள்ளைக்கு 1 வந்தால் குறை எண்ணின் குறி விடுபட்டுவிட்டது. −15 வந்தால் 7 − 2ஐ முதலில் கணக்கிட்டிருக்கிறது.

க = −2, ப = 5 எனில் க² − கப எவ்வளவு? (−2)² − (−2)(5) = 4 + 10 = 14. −6 வந்தால் நடுவில் இருக்கும் இரண்டு கழித்தல் குறிகளில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது.

மேலே 3க − ப, கீழே க + ப உள்ள பின்னத்தில் க = 6, ப = −2. மேலே 18 + 2 = 20, கீழே 4. மதிப்பு 5.

கடைசியாக 4(க − 3) − 2(க − 5) என்பதைச் சுருக்கி, கவுக்கு 10 போட்டுப் பிள்ளையே சரிபார்க்கட்டும். கொடுத்த கோவை 4 × 7 − 2 × 5 = 18 தரும். சுருக்கிய விடை 2க − 2 என்றால் அதுவும் 18. பிள்ளை 2க − 22 என்று எழுதியிருந்தால் −2 வரும். அப்போது திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியது −2ஐ −5ஆல் பெருக்கிய இடத்தை.